அத்தியாயம் 14: சீனியில்லாச் சொக்லேட்

வியாழக்கிழமை இரவு இடியப்பத் தட்டுக்கு முன்னால் இருந்து தம்பி நிருஷன் சொன்ன சொல்லை உதயகலா இன்னும் விழுங்கவில்லை.

"அப்பாவைக் கொழும்பிலை ஒரு நல்ல முதியோர் இல்லத்திலை விடுவம் அக்கா. நீயும் உன்ரை வாழ்க்கையைப் பாக்க வேணுமெல்லோ."

பதினொரு வருஷத்துக்குப் பிறகு நோர்வேயிலிருந்து வந்தவன், வந்து ஆறாம் நாள் சொன்ன சொல் அது. அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. அப்பா பஞ்சலிங்கம் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

லூசி இருக்கும் வரை அவர் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று உதயகலா நினைத்திருந்தாள்.

சீனி வியாதி அப்பாவின் கண்ணைத் தின்று நாலு வருஷம் ஆகிறது. ஆனால் காலையில் படலை திறந்தால் லூசி முன்னால் நடக்கும். கயிற்றின் நுனி அவர் இடது கையில் இருக்கும். ஒருவரும் பழக்கியதில்லை. செம்மண் நிறத்தில் ஒரு ஊர்நாய், தானாகவே பழகிக்கொண்டது. ஒழுங்கையின் இரண்டு முடக்கு, மதகு, வரம்பு எல்லாம் தாண்டித் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விடும். அங்கே அவர் காலால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் வாய்க்காலை மறித்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் மாறுவார். பண்டத்தரிப்பில் இரண்டு கண்ணும் தெரிந்தவர்கள்கூட அந்த நேர்த்தியில் மாறுவதில்லை.

நிருஷனும் அதைப் பார்த்தவன்தான். பார்த்துவிட்டுத்தான் கேட்டான்.

"நாயை நம்பி ஒரு மனுசனை விடுறதோ? நாளைக்கு நாய் செத்தால்?"

"செத்தால் பாப்பம்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டை அளைந்தபடியே விட்டுவிட்டு உதயகலா எழும்பிப் போனாள்.

இன்று சனிக்கிழமை.

விடியற்புறம் அவளை எழுப்பியது குரைப்பல்ல. நகங்கள் சீமெந்தில் ஓடும் சத்தம். விறாந்தைக்கு வந்து பார்த்தால், லூசி இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. நாக்கு வெளியே தொங்கியது. இரவு நிரப்பி வைத்த வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு இல்லை.

"லூசி, இஞ்சை வா."

வரவில்லை. ஆளைத் தெரியாத மாதிரிப் பார்த்தது. கண்ணின் கறுப்பு விரிந்து கண் முழுக்க நிறைந்திருந்தது. வாய் ஓரத்தில் நுரை. அவள் ஒரு அடி வைப்பதற்குள் பின்கால் இரண்டும் விறைத்து, பக்கவாட்டில் விழுந்து, நாலு காலும் காற்றில் ஓடத் தொடங்கின.

அறைக் கதவைத் திறந்த நிருஷன் அப்படியே நின்றான்.

"அக்கா, கிட்டப் போகாதை! விசர்!"

"என்னடா சொல்லுறாய்?"

"நுரை தள்ளுது, கண்ணைப் பார். விசர் பிடிச்சிட்டுது, கடிச்சால் ஆள் தப்பாது!"

அப்பா சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். "என்ன? லூசிக்கு என்ன? ஏன் அவள் விழுந்தவள்?" நிருஷன் அவரைக் கட்டிப் பிடித்து அறைக்குள் தள்ளி, வெளியே கொண்டி போட்டான். உள்ளிருந்து கை கதவில் மோதியது.

"கதவைத் திற ராசா. அவள் என்ரை சத்தம் கேட்டால் அடங்குவாள். திற!"

பக்கத்துத் தோட்டக்காரர் கனகசபாபதி, சத்தம் கேட்டுக் கொட்டன் தடியோடு படலைக்குள் வந்துவிட்டார். நாற்பது வருஷமாக எல்லோருக்கும் சபாபதியர். உதயகலாவுக்கு மாமா.

"தள்ளி நில்லு பிள்ளை. நுரை வந்தால் வேறை கதையில்லை. ஒரு அடியிலை முடிச்சு விடுறன்."

"ஊசி போட்டிருக்கு மாமா! போன மார்கழியிலை போட்டது. காட் இருக்கு!" அவள் கலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த அட்டையை எடுத்து ஓடிவந்து நீட்டினாள்.

சபாபதியர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாய்க்குக் காட் இருக்கு. எனக்கு அடையாள அட்டை துலைஞ்சு மூண்டு வருஷம். உந்தக் காட்டைக் காட்டினால் விசர் ஓடிப்போமோ?"

"நீங்கள் அடிச்சால் முதல் என்னிலை விழும்."

அவள் நாய்க்கும் கொட்டனுக்கும் நடுவில் இருந்துவிட்டாள். நின்றிருந்தால் நகர்த்தியிருப்பார்கள். சீமெந்தில் சம்மணம் கட்டி இருந்தவளை எப்படி நகர்த்துவது?

வலிப்பு அடங்கியது. லூசி தலையைத் தூக்கி, குலுங்கிக் குலுங்கி வயிற்றில் கிடந்ததைச் சத்தி எடுத்தது. கடும் மண்ணிறத்தில், பசை மாதிரி.

"ரத்தம்" என்றான் நிருஷன்.

உதயகலா ஓட்டோ லக்சனுக்குப் போன் எடுத்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னான்: "அக்கா, குறை நினைக்காதையுங்கோ. பள்ளிக்கூடப் பிள்ளையள் ஏத்துற ஓட்டோ. அந்தச் சீற்றிலை நுரை பட்டால்..."

அரசாங்கக் கால்நடை அலுவலகத்துக்குச் சனிக்கிழமை பூட்டு. சங்கானைப் பக்கம் ஒரு பெண் டொக்டர் வீட்டோடு மருந்தகம் வைத்திருக்கிறா. நாலு கிலோமீற்றர். நாயைத் தூக்கிக்கொண்டு நடந்தாவது போவதென்று அவள் சீலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கியபோது, சபாபதியர் கொட்டனை வேலியில் சாத்தினார்.

"லாண்ட்மாஸ்டரை எடுக்கிறன். வெங்காயச் சாக்கு ரெண்டு கொண்டு வா, சுத்திப் பிடி. ஒண்டு சொல்லிப்போட்டன், கடிக்கிறதெண்டால் முதல் உன்னைத்தான் கடிக்க வேணும். நான் ஓட்டுற ஆள்."

நிருஷன் படலை வரை வந்தான். "அக்கா, உனக்கென்ன விசரோ? ஒரு நாய்க்காக—"

"ஒரு நாயில்லை" என்றாள் அவள். "அப்பான்ரை கால்."

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டி ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளியது. மடியில் சாக்குக்குள் லூசியின் நெஞ்சு அடித்தது. எண்ண முடியாத அடி. சிறகடிக்கும் குருவியைக் கைக்குள் பொத்திய மாதிரி. 'தாங்கு, தாங்கு' என்று அதற்குச் சொன்னாளா, தனக்கே சொன்னாளா, தெரியாது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் நாயின் வாயைக் கண்டு தூரத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

டொக்டர் மதுராவுக்கு முப்பது வயது இருக்கும். தலைக்குக் குளித்த ஈரம் காயவில்லை. கையுறை போட்டுக்கொண்டு முதலில் ஊசி அட்டையைத்தான் பார்த்தா. பிறகு நாயின் கண்ணை, பிறகு நெஞ்சை.

"இருநூறுக்கு மேலை அடிக்குது" என்றா. "விசர் இல்லையெண்டு நான் இப்ப சத்தியம் பண்ண மாட்டன். ஆனால் இது வேறை மாதிரித் தெரியுது. என்ன சாப்பிட்டவள்?"

"நேற்று வெள்ளிக்கிழமை. சோறும் பருப்பும்தான்."

"தோட்டத்திலை மருந்தடிச்சதோ?"

"இந்தக் கிழமை இல்லை" என்று வாசலில் நின்ற சபாபதியர் சொன்னார். "நானும் அடிக்கேல்லை. டொக்டர், உப்புத் தண்ணி கரைச்சுப் பருக்கினால் எல்லாம் வெளியிலை வரும்."

"ஐயோ வேண்டாம் ஐயா. உப்பே அதுகளைக் கொல்லும். அக்கா, வீட்டிலை ஆரின்ரையும் மருந்துக் குளிசை கிடந்ததோ?"

"அப்பான்ரை சீனிக் குளிசை அலுமாரியிலை. நான்தான் எடுத்துக் குடுக்கிறனான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. தெரியாமல் நான் ஒரு மருந்தைப் போட, அது இந்த நெஞ்சை இன்னும் ஓட வைச்சால், நானே சாகடிச்சதாய் முடியும்."

என்ன யோசிப்பது? அந்த நேரம் லூசி மறுபடி சத்தி எடுத்தது. டொக்டர் குனிந்து மணந்து பார்த்தா. பிறகு இடுக்கியால் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தா. நகமளவு வெள்ளித் தாள்.

"இது ரத்தமில்லை அக்கா. சொக்லேட்."

உதயகலாவுக்கு அந்த மணம் அப்போதுதான் ஏறியது. போன சனிக்கிழமை நடுக்கூடத்தில் தம்பியின் சூட்கேசைத் திறந்தபோது வீடெல்லாம் நிறைந்த மணம். ஒழுங்கை முழுவதற்கும் பால் சொக்லேட் பங்கு போட்டது அவள்தான். அப்பாவுக்கென்று மட்டும் தனியாக நாலு கட்டி வந்திருந்தது. கறுப்பு மட்டையில், சீனி இல்லாதது. மூன்று கடை ஏறி இறங்கி வாங்கினானாம். "சீனி வியாதிக்காரனும் ஒரு நாளைக்குச் சொக்லேட் சாப்பிட வேண்டாமே அப்பா?" ஒரு துண்டை அவனே உடைத்து அப்பாவின் வாயில் வைத்தான். "நல்லாயிருக்கு ராசா" என்றார் அப்பா. நிருஷன் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தது அவளுக்குத் தெரியும்.

அவள் போனை எடுத்தாள்.

"தம்பி, அப்பாட்டைக் கேள். நீ குடுத்த சொக்லேட் எங்கை?"

"சாப்பிட்டிட்டார். ரெண்டு கட்டி முடிஞ்சுதெண்டு நேற்றும் சொன்னவர். இப்ப ஏன் அது?"

"கேளடா!"

கொண்டி இழுபடும் சத்தம். நிருஷன் கேட்பது கேட்டது. பிறகு கூரைக் காற்றாடி சுற்றுவது மட்டும் கேட்டது.

"உதயாவோ கேக்கிறாள்?" அப்பாவின் குரல் தூரத்தில்.

"ஓம் அப்பா."

"கைச்சது ராசா."

"என்ன?"

"வேப்பங்காய் மாதிரிக் கைச்சது. நீ ஆசையாய்க் கொண்டு வந்தனி. எந்த வாயாலை சொல்லுறது? நீ பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டிருப்பாய், எனக்கு மூச்சிலை தெரியும். வாயிலை வைச்சிருந்து, நீ போனாப் பிறகு எடுத்து லூசிக்குக் குடுத்தன். அவள் ஆசையாய்த் தின்னுவாள். ஒவ்வொரு துண்டாய்த்தான்."

டொக்டர் மதுரா போனை வாங்கிக்கொண்டா. "ஐயா, நேற்று எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"நேற்று... வெக்கைக்குத் தலகணிக்குக் கீழை உருகிப் போச்சு பிள்ளை. மகள் இண்டைக்கு உறை தோய்ப்பாள், கண்டுபிடிச்சிடுவாள். அதாலை கிடந்ததெல்லாம் குடுத்திட்டன். ஒரு முழுக் கட்டி, பிறகு மற்றதிலை பாதி."

"எத்தனை மணிக்கு?"

"பின்னேரம் ஆறு மணி இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, குழந்தை கேட்பது போலக் கேட்டார்: "ஏன் டொக்டர்? அது நல்ல சாமான்தானே? என்ரை மோன் வெளிநாட்டிலையிருந்து கொண்டு வந்ததெல்லோ?"

டொக்டர் ஒரு மூச்சு விட்டா. "எங்களுக்கு நல்லது ஐயா. நாய்க்கு நஞ்சு."

அதன் பிறகு அந்தப் பக்கம் போனை யார் வைத்திருந்தார்கள் என்றே தெரியவில்லை.

டொக்டரின் கை ஓடத் தொடங்கியது. வலிப்புக்கு ஊசி. முன்காலில் சேலைன். நெஞ்சை மெல்ல ஓட வைக்க வேறொரு மருந்து. வலிப்பு அடங்கி விழுங்கத் தெம்பு வந்ததும் நஞ்சை உறிஞ்சக் கரித்தூள் கரைசல், கொஞ்சம் கொஞ்சமாக. வேலை செய்தபடியே, பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தா.

"எங்கடை உடம்பு இதைக் கெதியாய்க் கழிச்சுப் போடும். அதுகளுக்கு ஏலாது. ஒரு நாளைக்கும் மேலை ரத்தத்திலை நிண்டு நெஞ்சையும் மூளையையும் அடிக்கும். பால் சொக்லேட்டிலை நஞ்சு குறைவு. கறுக்கக் கறுக்க, கைக்கக் கைக்கக் கூட. இவள் பதினாலு கிலோ. ஒரு முழுக் கட்டியே இவளைக் கொல்லக் காணும்."

"நேற்றிரவே கொண்டு வந்திருந்தால்?"

"சத்தி எடுக்கப் பண்ணியிருக்கலாம்" என்றா டொக்டர்.

இரவு பதினொரு மணிக்கு லூசி தண்ணீர் குடிக்கும் சத்தம் உதயகலாவுக்குக் கேட்டிருந்தது. வெக்கைக்குக் குடிக்குது என்று திரும்பிப் படுத்திருந்தாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு லக்சனின் ஓட்டோ வந்து நின்றது. "விசர் இல்லையெண்டு முதலே சொல்லியிருக்கலாமே அக்கா" என்று அவன் தலையைச் சொறிந்தான். நிருஷன் அப்பாவை இறக்கினான். அப்பா சேட்டு மாறிப் போட்டிருந்தார், பொத்தான் ஒன்று தப்பியிருந்தது. நிருஷனின் முகம் ஒரு காலைக்குள் ஒட்டிப் போயிருந்தது.

"நான் கொண்டு வந்ததுதானே அக்கா" என்றான்.

"இப்ப அதைக் கதைக்காதை."

அப்பாவின் கை மேசையைத் தேடியது, லூசியின் காதைக் கண்டது, நெஞ்சுக்கு இறங்கியது. அங்கேயே நின்றது.

"இதென்ன பிள்ளை, மோட்டர் மாதிரி அடிக்குது."

டொக்டர் சேலைன் போத்தலை மாற்றினா.

மூன்று மணிக்குச் சிக்கல் வேறு விதமாக வந்தது. "சலம் போக வேணும், மூத்திரம் அடைச்சு நிக்குது" என்றா டொக்டர். "இந்த நஞ்சு சலப்பையிலை நிண்டால் திரும்ப ரத்தத்துக்கு ஏறும். குழாய் வைக்கலாம், என்னட்டை இருக்கிறது இவளுக்கு அளவில்லை. தூக்கிக்கொண்டு போய் வெளியிலை விட்டுப் பாருங்கோ."

சேலைன் போத்தலை நிருஷன் தூக்கிப் பிடித்தான். உதயகலா லூசியைப் பின்வளவில் இறக்கினாள். கால்கள் நடுங்கின, நாலு பக்கமும் வழுக்கின. மூன்று முறை நிறுத்தினாள், மூன்று முறையும் மண்ணில் சரிந்தது. சலமும் போகவில்லை. நெஞ்சு மட்டும் ஓடியது.

"லூசி" என்றார் அப்பா. "எழும்பு மோனை. தண்ணி மாற நேரமாச்சு."

காது அசைந்தது. தலை திரும்பியது. அவருடைய சாரத்தின் பக்கம் ஒரு கால் நகர்ந்து, அவர் காலில் சாய்ந்தபடி நின்றது.

"பைப்பு இருக்கோ இஞ்சை?" என்று கேட்டார். "திறந்து விடுங்கோ. மண்ணிலை ஓட விடுங்கோ. தோட்டத்திலை வாய்க்காலைத் திறந்து தண்ணி ஓடின உடனைதான் அவள் வரம்பிலை போய்ச் சலம் விட இருப்பாள். ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தத்துக்குத்தான்."

டொக்டரே ஓடிப்போய்த் திறந்தா. தண்ணீர் மண்ணைக் கிழித்துக்கொண்டு ஓடியது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் காலை வைத்தார். வாய்க்காலை மறிக்கிறவர் போலக் குதிக்காலால் மண்ணைத் தள்ளினார்.

லூசி பின்காலை மடக்கியது. சலம் போனது. நிறைய.

நிருஷன் போத்தலைப் பிடித்தபடி விம்மினான். உதயகலா அவனை முகம் கொடுத்துப் பார்த்தாள்.

"நல்லது" என்றா டொக்டர். "இதை ஒவ்வொரு மணித்தியாலமும் செய்ய வேணும். ஆனால் அக்கா, நான் பொய் சொல்ல மாட்டன். அடி இன்னும் நூற்றி எண்பதிலை நிக்குது. நடுவிலை தப்பித் தப்பி விழுகுது. நாளைக்கு விடியுமட்டும் நெஞ்சு தாங்கினால்தான் நான் ஏதும் சொல்லலாம்."

டொக்டர் லூசியை ஏந்திக்கொண்டு உள்ளே போனா. மூவரும் பின்வளவில் நின்றார்கள். அப்பாவின் கால் இரண்டும் சேறு. அவர் கை நீட்டி உதயகலாவின் தோளைத் தேடிப் பிடித்தார்.

"நிருஷன்."

"சொல்லுங்கோ அப்பா."

"நீ சொன்ன அந்த இடம். கொழும்பிலை. எப்ப போகலாம்?"

"அப்பா!" என்றாள் உதயகலா.

"நீ பேசாமல் இரு பிள்ளை. கண் போனதுக்கு நான் அழேல்லை. அவள் இருந்தாள். அவளுக்கு நானே என்ரை கையாலை குடுத்திருக்கிறன், துண்டு துண்டாய் உடைச்சு. கைக்குதெண்டு பெத்த பிள்ளையிட்டைச் சொல்லப் பயந்து. இப்பிடி ஒருத்தனை வீட்டிலை வைச்சிருந்தால் நாளைக்கு உனக்கு என்னத்தைக் குடுப்பன் எண்டு ஆருக்குத் தெரியும்?" அவர் முகத்தைத் தம்பி நின்ற பக்கம் சரியாகத் திருப்பினார். "அவள் பிழைச்சாலும் சரி, பிழைக்காட்டிலும் சரி. நான் வாறன் ராசா."

நிருஷன் வாயைத் திறந்தான். வியாழக்கிழமை இரவு முதல் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தவன். கிடைத்தபோது அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அக்காவைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லப் போகிறானா, சரி என்று சொல்லப் போகிறானா, அவளால் அந்த முகத்தில் படிக்க முடியவில்லை.

உள்ளே இரும்பு மேசை கடகடவென்று அதிர்ந்தது. ஒரு போத்தல் விழுந்து உடைந்தது.

"அக்கா! கெதியாய் ஓடி வாங்கோ, பிடிக்க ஆள் வேணும்!"

தோளில் இருந்த அப்பாவின் கை இறுகியது. உதயகலா அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். கையைத் தூக்கி நிருஷனின் தோளில் வைத்தாள்.

"தம்பி, இவரைப் பிடி."

ஓடினாள். நாலு அடி ஓடிய பிறகுதான், அப்பாவை யாரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடுகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.